பெயரில்லாமல் கலக்கப்பட்ட தெற்கு: மூன்று திராட்சைகளின் வரலாறு

ஒயினைப் பற்றி இந்தப் பக்கத்தில் என்ன பேச்சு என்று தோழர்கள் கேட்கலாம். குடியால் நொறுங்கிப்போன குடும்பங்களோடு அன்றாடம் வேலை செய்கிறவர்கள் நாம். குடியின் பெருமை பாட நாம் வரவில்லை. ஆனால், ஒரு பண்டத்தை யார் விளைவிக்கிறார்கள், அது யார் பெயரில் விற்கிறது, அதன் 'பாரம்பரியம்' எப்போது, யாரால் எழுதப்பட்டது என்ற கேள்விகளைக் கேட்டுப் பழகியவர்கள் நாம். அந்தக் கேள்விகளை பிரான்சின் தென்பகுதியில் செய்யப்படும் ஒரு சிவப்பு ஒயினிடம் கேட்டால், எதிர்பாராத பல விடைகள் கிடைக்கின்றன. அதனால்தான் இந்தக் கட்டுரை.

கிரெனாஷ், சிரா, மூர்வேத்ர என்ற மூன்று திராட்சை ரகங்களைச் சேர்த்துச் செய்யும் கலவை அது. ரோன் நதியின் கீழ்ப்பகுதியிலும், அதற்கு மேற்கே மத்தியதரைக் கடலோரம் நீளும் லாங்க்தோக், ரூசியோன் பகுதிகளிலும் இதுதான் இன்று முதன்மையான சிவப்பு ஒயின். ஆங்கிலம் பேசும் நாடுகளில் மூன்று ரகங்களின் முதலெழுத்தைச் சேர்த்து 'ஜி.எஸ்.எம்.' என்கிறார்கள்.

மூன்று குணங்கள்

முதலில் இந்தக் கலவை ஏன் என்று பார்ப்போம். கிரெனாஷ் வெயிலையும் வறட்சியையும் தாங்கும் கொடி. தண்டு கெட்டியானது, நிமிர்ந்து வளரக்கூடியது. ரோன் பள்ளத்தாக்கில் வடக்கிலிருந்து நாள்கணக்கில் வீசும் 'மிஸ்த்ரால்' என்ற குளிர்ந்த பெருங்காற்றில் பந்தலோ கம்பியோ இல்லாமல், குட்டையான புதர்போல் நின்று காய்க்கும். பழத்தில் சர்க்கரை ஏறிக்கொண்டே போகும், அதனால் ஒயினில் ஆல்கஹால் அளவும் கூடும். செம்பழங்களின் இனிய மணம் உண்டு. ஆனால் தோல் மெல்லியது என்பதால் நிறம் வெளிறிவிடும், காற்றுப் பட்டால் சீக்கிரம் கெட்டுவிடும். பூக்கும் காலத்தில் மழையோ குளிரோ வந்தால் பூ உதிர்ந்து, விளைச்சலும் குறைந்துவிடும்.

சிரா இதற்கு எதிர். கருநிறம், துவர்ப்பு, ஓரளவு புளிப்பு ஆகிய மூன்றும் அதில் உண்டு. மிளகு வாசனை அதன் அடையாளம். நம் சமையலறை மிளகில் இருக்கும் ரோட்டண்டோன் என்ற அதே சேர்மம்தான் சிராவிலும் இருக்கிறது என்பதை 2008இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். ஆனால் சிராவின் கிளைகள் காற்றில் முறியும். கம்போ கம்பியோ கட்டித் தாங்கிப் பிடிக்க வேண்டும்.

மூர்வேத்ர கடைசியாகப் பழுக்கும் ரகம். தடித்த தோல், கடுமையான துவர்ப்பு, தோலும் காட்டிறைச்சியும் கலந்தாற்போன்ற ஒரு வாசம். கிரெனாஷ் காற்றில் கெடும் என்றால், மூர்வேத்ர அந்தக் கெடுதலைத் தடுத்து ஒயினை நீண்டநாள் நிற்கவைக்கும். வெயில் போதாத இடத்தில் அது பழுக்காது. கடலோர வெப்பம் அதற்கு வேண்டும்.

ஆக, ஒன்றின் குறையை மற்றொன்று நிரப்புகிறது. இது வெறும் ருசிக் கணக்கு அல்ல, சிறு விவசாயியின் பாதுகாப்பும் இதில் இருக்கிறது. மூன்றும் வெவ்வேறு காலத்தில் துளிர்த்து, பூத்து, பழுப்பவை. ஒரு வாரத்துப் பனியோ மழையோ ஒன்றை அழித்தாலும் மற்ற இரண்டில் ஏதாவது மிஞ்சும். ஒற்றைப் பயிரை நம்பிக் கெட்ட எந்த ஊர் விவசாயிக்கும் இந்தக் கணக்கு புரியும்.

எந்த ஊர்த் திராட்சை?

'இது பிரான்சின் மண்ணுக்கே உரிய பாரம்பரியம்' என்று விளம்பரங்கள் சொல்லும். மூன்றில் இரண்டு ரகங்கள் பிரான்சில் பிறந்தவையே அல்ல.

கிரெனாஷ் ஸ்பெயினின் அரகோன் பகுதியைச் சேர்ந்தது என்பதே பெரும்பாலான ஆய்வாளர்களின் முடிவு. அங்கே அதன் பெயர் கர்னாச்சா. இத்தாலியின் சார்டினியத் தீவில் அதே கொடிக்கு கன்னோனாவ் என்று பெயர். தங்கள் தீவுதான் தாயகம் என்று அவர்கள் வாதிடுகிறார்கள். அரகோன் அரசு பல நூற்றாண்டுகள் சார்டினியாவை ஆண்டது. இன்று பிரான்சின் பகுதியாக இருக்கும் ரூசியோனும் 1659இல் பிரெனீஸ் உடன்படிக்கை கையெழுத்தாகும்வரை ஸ்பெயின் அரசின் கீழ்தான் இருந்தது. எல்லைக்கோடு நகர்ந்தது. கொடி எல்லைக்கோட்டைக் கேட்டு வளரவில்லை.

மூர்வேத்ரவின் பிறப்பிடமும் ஸ்பெயின்தான். அங்கே அதற்கு மொனாஸ்த்ரெல் என்று பெயர். மூர்வேத்ர என்ற பெயரே வாலென்சியாவுக்கு அருகிலுள்ள முர்வியெத்ரோ என்ற ஊரிலிருந்து வந்தது என்கிறார்கள். இன்று சகுந்தோ எனப்படும் ஊர் அது. இதே கொடிக்கு மத்தாரோ என்று இன்னொரு பெயர் உண்டு. அது பார்சலோனாவுக்கு அருகிலுள்ள ஓர் ஊரின் பெயர்.

மிஞ்சுவது சிரா. ரோன் நதியின் வடபகுதியில் எர்மித்தாஜ் என்ற குன்றில் விளையும் சிரா ஒயின் பல நூற்றாண்டுகளாகப் பிரபுக்களின் மேசைக்குரியது. பெரிய இடத்துப் பொருளுக்குப் பெரிய இடத்துப் பூர்வீகம் வேண்டுமல்லவா? பாரசீகத்தின் ஷிராஸ் நகரிலிருந்து வந்தது என்றொரு கதை. சிலுவைப் போருக்குப் போன ஒரு வீரர் கொண்டுவந்து, அந்தக் குன்றில் துறவியாக வாழ்ந்து வளர்த்தார் என்று அதன் ஒட்டுக் கதை. இன்றும் அந்தக் குன்றின்மேல் ஒரு சிறு தேவாலயத்தைக் காட்டிக் கதை சொல்வார்கள்.

1998இல் கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கரோல் மெரிடித்தும், பிரான்சின் மோன்பெலியே நகர ஆய்வாளர்களும் மரபணுச் சோதனை மூலம் இந்தக் கதைக்கு முடிவு கட்டினார்கள். சிராவின் பெற்றோர் துரேஸா, மோந்தூஸ் பிளான்ஷ் என்ற இரண்டு ரகங்கள். முதலாவது ரோன் நதியின் மேற்குக் கரையிலுள்ள அர்தெஷ் பகுதியைச் சேர்ந்தது. இரண்டாவது ஆல்ப்ஸ் மலையடிவார சவோய் பகுதியின் வெள்ளைத் திராட்சை. இரண்டுமே உலகம் கேள்விப்படாத, கிட்டத்தட்ட அழிந்துபோன, சாதாரணக் குடியானவர் ரகங்கள். பாரசீகமும் இல்லை, சிலுவைப் போரும் இல்லை. ஒரு வேலியோரத்தில் தற்செயலாக நடந்த கலப்பில் பிறந்தது அந்த 'உயர்குடி' திராட்சை. பூர்வீகப் பெருமைக் கதைகள் எப்படிக் கட்டப்படுகின்றன என்பதற்கு இதைவிட நல்ல பாடம் வேண்டுமா?

மருந்து ஒயின்

இனி இந்தத் தெற்கத்தி ஒயின் எப்படி விற்றது என்று பார்ப்போம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரான்சின் புகழ்பெற்ற ஒயின்கள் போர்தோவும் பர்கண்டியும்தான். அந்த வடக்குப் பகுதிகளில் வெயில் போதாத ஆண்டுகளில் ஒயின் நீர்த்து, நிறம் மங்கி, புளித்துப்போகும். அதற்கு வியாபாரிகள் ஒரு வழி வைத்திருந்தார்கள். எர்மித்தாஜ் குன்றின் சிராவை போர்தோ ஒயினில் கலந்தார்கள். அப்படிக் கலந்ததை 'எர்மித்தாஜ் ஏற்றியது' என்று சொல்லி விலை கூட்டி விற்றதும் உண்டு. தென் ரோனின் கிரெனாஷ் ஒயின் பீப்பாய் பீப்பாயாக பர்கண்டிக்குப் போனது. தளர்ந்த ஒயினுக்குத் தெம்பு கொடுப்பதால் தெற்கத்தி ஒயினுக்கு 'மருந்து ஒயின்' என்றே பெயர்.

பாட்டிலின் மேல் மட்டும் தெற்கின் பெயர் வராது. வெயிலும் உழைப்பும் தெற்கினுடையவை, பெயரும் விலையும் வடக்கினுடையவை. தன் ஒயின் யார் பெயரில் யார் மேசையில் ஊற்றப்படுகிறது என்பது அதை விளைவித்தவருக்குத் தெரியாது.

1850களில் ரயில் வந்ததும் நிலைமை இன்னும் மாறியது. பாரிஸுக்கும் வடக்கின் ஆலை நகரங்களுக்கும் தொழிலாளிகள் குடிக்க மலிவு ஒயின் வேண்டியிருந்தது. லாங்க்தோக் சமவெளி முழுவதும் ஒற்றைப் பயிராகத் திராட்சை ஆனது. அரமோன் என்ற ரகம் அங்கே பரவியது. கொத்துக்கொத்தாகக் காய்க்கும், ஆனால் ஒயினுக்கு நிறமும் இல்லை, வலுவும் இல்லை. அதற்கும் வேறெங்கிருந்தோ நிறம் சேர்க்க வேண்டியிருந்தது.

பூச்சியும் காலனியும்

1863இல் ரோன் நதிக்கு அருகில் புஜோ என்ற கிராமத்தில் கொடிகள் காரணம் தெரியாமல் காய்ந்தன. 1868இல் மோன்பெலியே தாவரவியலாளர் பிளான்ஷோனும் அவரது குழுவினரும் வேரைத் தோண்டிப் பார்த்துக் காரணத்தைக் கண்டார்கள். அமெரிக்காவிலிருந்து கொடிகளோடு வந்த ஃபில்லாக்செரா என்ற சிறு பூச்சி வேரை உறிஞ்சிக்கொண்டிருந்தது. 1875இல் சுமார் 8.4 கோடி ஹெக்டோலிட்டராக இருந்த பிரான்சின் ஒயின் உற்பத்தி 1889இல் சுமார் 2.3 கோடியாகச் சரிந்தது. ஒரு ஹெக்டோலிட்டர் என்பது 100 லிட்டர்.

மீட்பும் அமெரிக்காவிலிருந்தே வந்தது. அமெரிக்கக் கொடியின் வேரை அந்தப் பூச்சியால் கொல்ல முடியாது. எனவே அமெரிக்க வேர்த்தண்டில் பிரெஞ்சுக் கொடியை ஒட்டுக் கட்டினார்கள். நம் ஊர் ஒட்டுமாவைப் போலத்தான். இன்று 'தூய பிரெஞ்சு ஒயின்' தரும் கொடிகளில் ஆகப் பெரும்பான்மை மண்ணுக்கடியில் அமெரிக்க வேரில் நிற்கின்றன. மூர்வேத்ர புதிய வேர்களோடு சரியாக ஒட்டவில்லை. அதனால் அது தெற்கில் பெருமளவு மறைந்தது. மார்செய்லுக்குக் கிழக்கே பந்தோல் என்ற கடலோரப் பகுதியில் சிலர் விடாமல் காத்ததால்தான் மிஞ்சியது.

உற்பத்தி சரிந்த அந்த ஆண்டுகளில் பிரெஞ்சு அரசு அல்ஜீரியாவைப் பார்த்தது. 1830 முதல் ஆக்கிரமித்த நாடு அது. அங்கே குடியேறிய ஐரோப்பியர் கையில் நல்ல நிலம் போய்ச் சேர்ந்தது. அந்த நிலத்தில் கொடி நட்டார்கள். உழைத்தவர்களில் பெரும்பாலோர் அரபு, பெர்பெர் மக்கள். மதத்தின்படி மதுவைத் தொடாதவர்கள், தங்கள் முன்னோரின் மண்ணில் கூலிக்கு ஒயின் திராட்சை வெட்டினார்கள். 1930களில் அல்ஜீரியாவின் திராட்சைத் தோட்டங்கள் சுமார் 4 லட்சம் ஹெக்டேரைத் தொட்டன. உலகிலேயே அதிகமாக ஒயின் ஏற்றுமதி செய்த நாடு அதுதான். அந்தக் கருத்த, வலுவான ஒயின் கப்பலில் செத் துறைமுகத்துக்கு வந்து, லாங்க்தோக்கின் வெளிறிய ஒயினில் கலந்து, பிரெஞ்சுத் தொழிலாளியின் மேசைக்குப் போனது. போர்தோவுக்கு முன் தெற்கு எப்படிப் பெயரற்று நின்றதோ, அப்படி இப்போது தெற்கின் முன் அல்ஜீரியா நின்றது. ஒடுக்கப்பட்ட இடம் காலியாவதில்லை, ஆள்தான் மாறுகிறார்.

1907

பூச்சி போன பிறகும் விவசாயிக்கு விடிவு வரவில்லை. உலர்திராட்சையை ஊறவைத்தும், தண்ணீரில் சர்க்கரை கலந்தும் 'ஒயின்' செய்து பழகிய வியாபாரிகள் அதை நிறுத்தவில்லை. புதுத் திராட்சையைப் புளிக்கவைத்ததே ஒயின் என்று 1889லேயே சட்டம் வந்திருந்தும் மோசடி தொடர்ந்தது. மறுபுறம் புதிதாக நட்ட தோட்டங்களின் விளைச்சலும் அல்ஜீரிய ஒயினும் சேர்ந்து குவிந்தன. விலை தரைமட்டத்துக்கு விழுந்தது.

இந்தக் கதையில் பெரும்பாலும் சொல்லப்படாத பகுதி ஒன்று உண்டு. 1904லேயே லாங்க்தோக்கின் நிலமற்ற தோட்டக் கூலிகள் பெரும் வேலைநிறுத்தங்கள் செய்திருந்தார்கள். பெண்களுக்கு ஆணின் கூலியில் பாதி அளவுதான் கிடைத்தது. விலை சரிந்தபோது முதலில் வயிற்றில் அடிபட்டவர்கள் அவர்கள்தான்.

1907 மார்ச் 11 அன்று அர்ஷெலியே கிராமத்தில் மார்செலாங் அல்பேர் என்ற சிறு விவசாயியும் காப்பிக்கடைக்காரருமானவர் தலைமையில் 87 பேர் நார்போன் நகருக்குப் புறப்பட்டார்கள். அந்தச் சிறு ஊர்வலம் வாரந்தோறும் பெருகியது. ஜூன் 9 அன்று மோன்பெலியேவில் 5 லட்சத்துக்கும் மேற்பட்டோர் கூடினார்கள். நிலக்காரரும் கூலிக்காரரும் ஒரே தெருவில் நின்றார்கள். பிரதமர் கிளெமான்சோ ராணுவத்தை அனுப்பினார். ஜூன் 19, 20 தேதிகளில் நார்போனில் துப்பாக்கிச்சூடு நடந்து உயிர்கள் பலியாயின. அந்த வட்டாரப் பிள்ளைகள் நிறைந்த 17ஆம் காலாட்படையில் சுமார் 500 பேர், தம் மக்களையா சுடுவது என்று கலகம் செய்து, பெசியே நகருக்கு நடந்தே வந்து சேர்ந்தார்கள். பிறகு அவர்களைத் துனிசியாவின் காஃப்ஸா பாலைவனத்துக்கு அனுப்பினார்கள்.

அல்பேர் பாரிஸுக்குப் போய்ப் பிரதமரைச் சந்தித்தார். ஊர் திரும்ப ரயில் செலவுக்கு என்று கிளெமான்சோ 100 பிராங்க் கொடுத்தார், அந்தச் செய்தியைப் பத்திரிகைகளுக்கும் சொன்னார். விலைபோனவர் என்ற பழி அல்பேர்மீது விழுந்தது. மக்கள் தலைவர்களை வீழ்த்த அதிகாரத்துக்குத் துப்பாக்கியைவிட மலிவான ஆயுதங்கள் உண்டு என்பதை அந்த 100 பிராங்க் காட்டியது. ஆனாலும் போராட்டம் வீணாகவில்லை. ஜூன் 29 அன்று அறுவடை அளவை அறிவிக்கவும், சர்க்கரை கலப்பதைக் கட்டுப்படுத்தவும் சட்டம் வந்தது. கலப்படத்தைக் கண்காணிக்க அரசுத் துறையும் அமைந்தது.

பெயருக்கு வந்த சட்டம்

மோசடியைத் தடுப்பது ஒன்று. பெயரை மீட்பது இன்னொன்று. அது ரோன் பக்கத்திலிருந்து வந்தது. அவினோன் நகருக்கு வடக்கே ஷாத்தோநெஃப்-து-பாப் என்ற கிராமம் இருக்கிறது. 'போப்பாண்டவரின் புதுக் கோட்டை' என்று பொருள். 1309 முதல் 1377 வரை போப்பாண்டவர்கள் ரோமை விட்டு அவினோனில் இருந்தபோது, இருபத்திரண்டாம் யோவான் அங்கே கோட்டை கட்டினார். ஆனால் ஊரின் பெயர் 1893 வரை ஷாத்தோநெஃப்-கல்செர்னியே. அந்த வட்டாரத்துச் சுண்ணாம்புக் காளவாய்களை ஒட்டி வந்த பெயர். சுண்ணாம்பு சுட்டவர்களை நினைவூட்டிய பெயரை நீக்கிவிட்டுப் போப்பின் பெயரைச் சூட்டிக்கொண்டது ஊர். பாட்டிலுக்கு எந்தப் பெயர் அழகு என்று யோசித்தால் காரணம் விளங்கும்.

அந்தப் பெயரில் யார் யாரோ ஒயின் விற்றபோது, 1923இல் லெ ருவா என்ற வழக்கறிஞரும் தோட்ட உரிமையாளருமான பிரபு தலைமையில் விவசாயிகள் சங்கம் நீதிமன்றம் போனது. எந்த நிலம், எந்தத் திராட்சை ரகங்கள், எவ்வளவு ஆல்கஹால் என்று வரையறை கேட்டார்கள். 1933இல் வெற்றி உறுதியானது. 1935இல் நாடு முழுவதற்குமான பூர்வீகப் பெயர்ச் சட்டம் வந்தது. 1936இல் முதலாவதாக அந்தப் பெயர் பெற்ற ஒயின்களில் இதுவும் ஒன்று. 13 ரகங்களைக் கலக்கலாம் என்றது விதி. இன்று அங்கே தோட்டத்தில் முக்கால் பங்கு அளவுக்குக் கிரெனாஷ்தான். இன்று புவிசார் குறியீடு என்று நாம் அறியும் உரிமைக்கு முன்னோடிகளில் ஒன்று இந்தச் சட்டம். பெயரற்ற 'மருந்து' ஒயின் தன் பெயரில் தானே நிற்கத் தொடங்கியது. இதை நாம் சிறிய வெற்றியாகச் சொல்லவில்லை.

லாங்க்தோக்குக்கு இந்த மரியாதை வர இன்னும் அரை நூற்றாண்டு ஆனது. 1962இல் அல்ஜீரியா விடுதலை பெற்றது. மலிவு ஒயினைக் குடிப்பவர்களும் குறைந்துகொண்டே வந்தார்கள். அரசும் ஐரோப்பியச் சமூகமும் பணம் கொடுத்து அரமோன், கரின்யான் கொடிகளைப் பிடுங்கச் சொல்லி, 'மேம்படுத்தும் ரகங்கள்' என்று பெயரிட்டு சிராவையும் கிரெனாஷையும் மூர்வேத்ரவையும் நடச் சொன்னார்கள். 1968இல் பிரான்ஸ் முழுவதும் 3,000 ஹெக்டேருக்கும் குறைவாக இருந்த சிரா, 2000 வாக்கில் சுமார் 50,000 ஹெக்டேர் ஆனது. மினெர்வுவா, கோர்பியேர் பகுதிகள் 1985இல் பூர்வீகப் பெயர் பெற்றன. அதாவது, லாங்க்தோக் பாட்டில்களில் 'தொன்மையான பாரம்பரியம்' என்று விற்கப்படும் இந்தக் கலவை, அங்கே நம்மில் பலரின் வயதுதான் கொண்டது. 'ஜி.எஸ்.எம்.' என்ற சுருக்கமும் ஆஸ்திரேலியாவில் வழக்குக்கு வந்ததே. 1830களில் ஐரோப்பாவிலிருந்து கொண்டுபோன தண்டுகள் அங்கே வேர்பிடித்தன. ஃபில்லாக்செரா நுழையாத தெற்கு ஆஸ்திரேலியாவில் அந்த நூற்றாண்டில் நட்ட கிரெனாஷ் கொடிகள் சொந்த வேரிலேயே இன்றும் காய்க்கின்றன.

வெட்டும் கை

மண், ரகம், ஆல்கஹால் ஆகிய மூன்றையும் சட்டம் எழுதிவிட்டது. ஷாத்தோநெஃப் ஒயினுக்குத் திராட்சையைக் கையால்தான் வெட்ட வேண்டும், இயந்திரம் கூடாது என்றும் விதி இருக்கிறது. அந்தக் கை யாருடையது என்று மட்டும் எந்தப் பாட்டிலும் சொல்வதில்லை. 1960களில் ஸ்பெயினின் ஏழைக் குடும்பங்கள் ரயிலேறி வந்து வெட்டின. பின்னர் மொராக்கோவிலிருந்து பருவகால ஒப்பந்தத்தில் வந்தார்கள். இன்று வேலையாள் தரகர்கள் மூலம் கிழக்கு ஐரோப்பாவிலிருந்தும் ஆப்பிரிக்காவிலிருந்தும் வருகிறார்கள். கையால் மட்டுமே வெட்டும் இன்னொரு பகுதியான ஷாம்பேனில் 2023 செப்டம்பர் வெயிலில் அறுவடைத் தொழிலாளர் சிலர் இறந்தார்கள். அதே அறுவடையில் மேற்கு ஆப்பிரிக்கத் தொழிலாளர் ஐம்பதுக்கும் மேற்பட்டோரைப் பாழடைந்த இடத்தில் தங்கவைத்து வேலை வாங்கியதற்காக, 2025 ஜூலையில் மூன்று பேருக்கு மனிதக் கடத்தல் குற்றத்தில் நீதிமன்றம் தண்டனை விதித்தது.

கிரெனாஷ் அரகோனிலிருந்து வந்தது, மூர்வேத்ர வாலென்சியாவிலிருந்து வந்தது, வேர் அமெரிக்காவிலிருந்து வந்தது. வந்ததெல்லாம் மூன்று தலைமுறையில் 'பூர்வீகம்' ஆகிவிட்டது. வெட்ட வந்த மனிதர் மட்டும் அறுவடை முடிந்ததும் அந்நியர் ஆகிவிடுகிறார். ஒரு கொடிக்குக் கிடைத்த ஊர்ப்பெயர் அதன் காயை வெட்டிய பெண்ணுக்கு ஏன் கிடைக்கவில்லை?

1907இல் லட்சக்கணக்கில் தெருவில் நின்ற மக்கள் ஒயினின் பெயரைக் காக்கச் சட்டம் வாங்கினார்கள். அந்தச் சட்டத்தில் கூலிக்கும், தங்குமிடத்துக்கும், வெயிலில் ஓய்வுக்கும் ஒரு வரி சேர்க்கச் சொல்லித்தான் பிரான்சின் விவசாயத் தொழிலாளர் சங்கங்கள் இன்று கேட்கின்றன. பூர்வீகப் பெயரின் விதியிலேயே உழைப்பவரின் நிலையையும் எழுதுங்கள், மீறினால் பெயரைப் பறியுங்கள் என்பதே அவர்கள் கோரிக்கையின் சாரம். புவிசார் குறியீடு வாங்கிய பொருள்களின் பட்டியல் நம் நாட்டிலும் ஆண்டுதோறும் நீள்கிறது. அந்தப் பட்டியலைப் பார்க்கும்போதெல்லாம் நாமும் இதே கேள்வியைத்தான் கேட்க வேண்டும்.